தரையில் படாத துண்டு

அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்கே என் மேல் கொஞ்சம் மதிப்பு கூடியிருக்கும்.

குன்னூரிலிருந்து மஞ்சூருக்குப் போகிற சாலை. ஞாயிற்றுக்கிழமைக் காலை. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் திரும்பினேன். பனிமூட்டத்துக்குள், ரோட்டின் நட்டநடுவில் ஒரு பெரிய பாறை கிடந்தது. போன வாரம் ஒத்திகைக்கு வந்தபோது அங்கே பாறை இல்லை. மழையில் சரிந்திருக்கும், ஓரமாகச் சுற்றிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தபடி ஓடினேன். 'ஓடினேன்' என்ற சொல்லை என் மனைவி மாலதி ஒப்புக்கொள்ள மாட்டாள். "கொஞ்சம் வெரசா நடந்தீங்க" என்பாள். இருக்கட்டும்.

கிட்டே போனதும் பாறை மூச்சு விட்டது.

இரண்டு மூக்குத் துளைகளிலிருந்தும் வெள்ளையாக ஆவி வந்தது. பிறகு பாறைக்கு ஒரு காது முளைத்து, ஈயை விரட்டியது. நான் நின்றேன். என் கால்கள் என்னைக் கேட்காமலே நின்றுகொண்டன என்று சொல்வதுதான் சரி. காட்டெருமை. அதன் திமிலைப் பார்க்க நான் அண்ணாந்தேன்.

என் தோளில் குறுக்காக ஒரு சிவப்புத் துண்டு. அதை நேரம் முடிவதற்குள், மேலே காத்து நிற்கும் பார்வதியிடம் சேர்க்க வேண்டும். பார்வதிக்கும் எனக்கும் நடுவில் இது.

இதை இங்கேயே நிறுத்திவைத்துவிட்டு, நான் ஏன் அங்கே போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது ஒன்றும் அவசரப்படாது. அன்றைக்கும் படவில்லை.

உறிஞ்சித் துப்பும் உத்தியோகம்

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக: நான் தேயிலை ருசி பார்ப்பவன். குன்னூரில் ஏலத்துக்கு வரும் தேயிலையை முன்கூட்டியே வடித்து வரிசையாகக் கோப்பைகளில் வைத்திருப்பார்கள். நான் ஒரு கரண்டி எடுத்து, தெருமுனை வரைக்கும் கேட்கும்படி உறிஞ்சி, நாக்கில் சுழற்றி, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்வேன். கால் நூற்றாண்டாக இதற்குச் சம்பளம் தருகிறார்கள். நாக்கைத் தவிர என் உடம்பில் வேறெந்த உறுப்புக்கும் தொழில் அனுபவம் கிடையாது.

ஐம்பதைத் தொட்டதும் மற்ற உறுப்புகள் சங்கம் அமைத்தன. முழங்கால்தான் செயலாளர். டாக்டர் "நடங்க" என்றார். வீடு வந்து சேர்வதற்குள் மாலதி அதை "ஓடுங்க" என்று திருத்திவிட்டாள். மறுநாள் விடிந்தும் விடியாமலும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதுபோல என்னைக் கூட்டிக்கொண்டு போய் எங்கள் ஊர் ஓட்டக் கழகத்தின் முன் நிறுத்தினாள்.

"ஏனுங்க, கொஞ்சம் பாத்துக்குங்க. பாதியில ஊட்டுக்கு ஓடியாந்துருவாரு."

"ஓடியாந்தா நல்லதுதானுங்க. அதுக்குத்தான கிளப்பே வெச்சிருக்கோம்" என்றார் போஜன், கழகத்தின் கேப்டன்.

விளையாட்டுக்கும் எனக்கும் அதற்கு முன் ஒரே ஒரு தொடர்புதான் இருந்தது. பள்ளிக்கூட நாட்களில் விளையாட்டு விழா என்றால், ஓட்டப் பந்தய முடிவில் கயிறு பிடிக்கிற வேலை எனக்குத் தருவார்கள். ஒரு வருடம் மைதானம் முழுக்க மேகம் இறங்கிவிட்டது. நான் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். விசில் சத்தமும் இல்லை, ஓடி வருகிறவர்களும் இல்லை. கடைசியில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே போனால், மறுமுனையைப் பிடித்திருந்தவன் அதைக் கொடிக்கம்பத்தில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டிருந்தான். பந்தயத்தைத் தள்ளிவைத்திருந்தார்கள். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

மலையில் வளர்ந்தவனுக்கு மேகம் இப்படித்தான். அதற்குள் என்ன இருக்கிறது, யார் இல்லை என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

போஜன் சாப்பிடாத இரவு

போஜன் கேத்திப் பள்ளத்தாக்கில் காரட்டும் முட்டைக்கோஸும் போடுகிற படுகர். மண்ணுக்குத் திரும்புவதற்கு முன் ஓசூரில் ஒரு மெஷின் கம்பெனியில் இருந்தார். கம்பெனி அவரை ஆறு மாதம் பயிற்சிக்காக ஜப்பானுக்கு அனுப்பியது. போனவர் மெஷினைக் கற்றுக்கொண்டு வந்தாரோ என்னவோ, இந்த ஓட்டத்தைக் கொண்டுவந்துவிட்டார்.

புத்தாண்டு விடுமுறையில் அவர் தங்கியிருந்த விடுதியே டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டதாம். காலையிலிருந்து யார் யாரோ ரோட்டில் ஓடிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் ஓடி முடித்ததும் தோளில் குறுக்காகப் போட்டிருக்கும் துண்டைக் கழற்றி அடுத்தவரிடம் தருவார். அவர் அதைப் போட்டுக்கொண்டு ஓடுவார். நம் ஊர் தொடர் ஓட்டத்தில் குச்சி, அங்கே துணி. முதலில் போஜன் 'இதென்ன பைத்தியக்காரத்தனம்' என்றுதான் பார்த்தார். மத்தியானத்துக்குள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

ஒரு விதி உண்டு. முதல் அணி ஒரு மாற்றுமிடத்தைக் கடந்த பிறகு, மற்ற அணிகளுக்குக் கொஞ்ச நேரம்தான் தருவார்கள். அதற்குள் துண்டு வந்து சேராவிட்டால், அடுத்த ஆள் அதற்காகக் காத்திருக்கக் கூடாது. ஒரு வெறும் மாற்றுத் துண்டை மாட்டி அவரை அனுப்பிவிடுவார்கள். அணி ஓடும். ஆனால் துண்டு அறுந்ததாகக் கணக்கு.

அன்றைக்கு ஒரு இளைஞன் தள்ளாடித் தள்ளாடி வந்தான். கூப்பிடு தூரத்தில் அடுத்த ஆள் கையை நீட்டிக்கொண்டு கத்துகிறான். நேரம் முடிந்ததென்று கொடி விழுந்தது. கை நீட்டியவனை வேறு துண்டோடு அனுப்பிவிட்டார்கள். இவன் தன் துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி வந்து சேர்ந்தபோது, எதிரில் வெறும் ரோடு.

"அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கலீங்க. முன்னபின்ன தெரியாத பையன். பாஷையும் தெரியாது. ஆனா அந்த வெறும் ரோடு இருக்குது பாருங்க..." போஜன் இதைச் சொல்லும்போதெல்லாம் இந்த இடத்தில் நிறுத்திக் காரட்டைப் பிடுங்கப் போய்விடுவார்.

அப்படித்தான் எங்கள் மலையில் இந்த ஓட்டம் தொடங்கியது. கோயம்புத்தூரையும் சேர்த்து நான்கு ஊர்க் கழகங்கள், அணிக்கு ஆறு பேர், குன்னூரிலிருந்து மஞ்சூர் வரை ஆறு கட்டம். முதல் அணி போய் அரை மணி நேரம் கெடு. ஜப்பானியர்கள் துண்டுக்குத் தசுக்கி என்று பேர் வைத்திருக்கிறார்கள். எங்கள் கழகத்தில் அது முதல் நாளே துண்டாகிவிட்டது.

"துண்டுங்கறது பஸ்ஸுல சீட்டுப் புடிக்கிறதுக்கு, பாய். இதைப் போட்டா எந்திரிச்சு ஓடணும்" என்று போஜன், எங்கள் அணியில் ஓடும் பேக்கரிக்காரர் ரஹீம் பாய்க்கு விளக்கினார். போஜன் எங்களுக்கென்று கூடுதலாக ஒரு சட்டமும் போட்டார். அது ஜப்பானில் உண்டா என்று தெரியாது. துண்டு தரையில் படக்கூடாது. ஆள் விழலாம். துண்டு விழக்கூடாது.

ஒரு வெள்ளைத் துணியும் ஒரு வருடப் பேச்சும்

கடைசிக் கட்டம் பார்வதியுடையது. நாற்பது வயதிருக்கும். மஞ்சூருக்கு இந்தப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். வீடு, எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று. ஒருநாள் காலையில் மஞ்சூர் பஸ்ஸைத் தவறவிட்ட பார்வதி, தேயிலைக்குள் குறுக்கு வழியில் ஏறி, மேல் வளைவில் அதே பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினார். அந்த பஸ்ஸுக்குள் போஜன் இருந்தார். மூச்சு வாங்காமல் ஏறி டிக்கெட் கேட்டவரிடம் அங்கேயே கழகத்தில் சேரச் சொல்லிவிட்டார்.

"எவ்ளோ தூரம்?" என்று கேட்டாராம் பார்வதி.

"நாலஞ்சு கிலோமீட்டர் வருமுங்க."

"கூடை இல்லாமலா?"

"ஆமாங்க."

"அப்ப சரி."

துண்டைத் தைத்ததும் பார்வதியின் லயம்தான். சிவப்புத் துணியில் மஞ்சள் நூலால் 'குன்னூர் ஓட்டக் கழகம்'. சாயங்காலங்களில் நாலைந்து பெண்கள் எழுத்துகளைப் பங்கு போட்டுக்கொண்டு தைத்தார்கள். அதனால் ஒரு எழுத்து மாதிரி இன்னொன்று இருக்காது. 'ஓ' பானை மாதிரி உருண்டிருக்கும். 'ழ'வின் வால் கீழ்க் கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பும். இடம் போதாமல் கடைசி 'ம்' மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். எந்த எழுத்து யாருடையது என்று லயத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

முதல் வருடம் ஓட்டம் நடந்தபோது, எஸ்டேட் கேட்டில் லயமே நல்ல சேலை உடுத்தி வந்து நின்றது. அன்றைக்கு ஐந்தாம் கட்டம் ஓடியவர் ஒரு வங்கி மேலாளர். பாதியில் காலில் தசை பிடித்துக்கொண்டது. கொடி விழுந்துவிட்டது. பார்வதி வெறும் வெள்ளைத் துணியை மாட்டிக்கொண்டு கேட்டைக் கடந்தார்.

யாரும் கை தட்டவில்லை. அவர் எங்கள் அணிதானா என்றே அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "நம்ம துண்டு எங்கடி?" என்று ஒருத்தி மட்டும் கேட்டாள். அதன் பிறகு ஒரு வருடம் தண்ணீர்க் குழாயடியில், கொழுந்து நிறுக்கிற இடத்தில், ரேஷன் கடையில் அதே கேள்வி. மேலாளர் திண்டுக்கல்லுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் சொல்கிறார்கள்.

அந்தக் காலி இடத்துக்குத்தான் என்னைப் போட்டார்கள். "தூரம் கம்மிதானுங்க" என்றார் போஜன். ஏற்றம் கம்மி என்று சொல்லவில்லை.

ஒத்திகை முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது பார்வதி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், எனக்குக் கப்பு கிப்பு ஒண்ணும் வாணாம். துண்டு வந்தாப் போதும். நீங்க உருண்டுகிட்டு வந்தாலும் சரி."

"உருண்டால் கீழே அல்லவா போவேன்?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

வர்க்கி வாசனை

ரஹீம் பாய் நான்காம் கட்டம். பேக்கரி அடுப்பிலிருந்து நேரே வந்தவர் மாதிரிதான் எப்போதும் இருப்பார். அவர் வளைவில் தெரிந்ததும் நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். துண்டைக் கழற்றிக் கையில் சுருட்டி, முகமெல்லாம் வேர்வையாக வந்தவர், கடையில் பொட்டலம் நீட்டும் அதே குரலில் சொன்னார்:

"சூடா இருக்கு சார், சீக்கிரம் கொண்டு போங்க! கோயம்புத்தூர்க்காரன் போயிப் பத்து நிமிஷந்தான் ஆச்சு!"

சூடாகத்தான் இருந்தது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. அந்தக் குளிரில், மூக்கு நுனி மரத்துப்போன காலையில், தோளில் விழுந்த துணி ஓர் உயிருள்ள பிராணியைப் போலக் கதகதப்பாக இருந்தது. நாலு பேருடைய வேர்வையில் ஊறிக் கனத்தது. வாசனை பார்த்துப் பிழைக்கிறவன் நான். மூக்கு தானாகப் பிரித்துப் பார்த்தது. பாய் சுடுகிற வர்க்கி பிஸ்கட், அடுப்புப் புகை, காரட் மண், இரண்டாம் மூன்றாம் கட்டம் ஓடிய அருவங்காட்டுத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸ் அண்ணன் தம்பியின் தைலம். ஊரே என் மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

இனி நான் நின்றால், நிற்பது நான் மட்டுமல்ல. ஐம்பது வயதுக்கு மேல் ஓர் ஆள் இதை முதல் தடவையாகத் தெரிந்துகொள்வது கொஞ்சம் தாமதம்தான்.

ஓடினேன். மாலதி சாட்சிக்கு இல்லாததால் தைரியமாக எழுதுகிறேன்: ஓடினேன்.

அப்படித்தான் அந்த வளைவுக்கு வந்தேன்.

மேகத்துக்குள் குரல்கள்

கோத்தகிரி அணியின் பெண் ஒருத்தி பின்னாலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். கல்லூரி முடித்திருப்பாள். மூச்சே வாங்கவில்லை.

"அண்ணா, மாடு ஒண்ணா?"

"ஒண்ணுதான் தெரியுதும்மா."

"ஒண்ணு தெரிஞ்சா ஏழெட்டு இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

மலைக்காரர்கள் யாரும் அதன் முன் ஓட மாட்டோம். கத்த மாட்டோம். கல் எடுக்க மாட்டோம். ரோடு அதனுடையது என்று ஒப்புக்கொண்டு நிற்போம். கடிகாரம் மட்டும் நிற்கவில்லை.

நான் படித்த புத்தகங்களில் மலையுச்சியில் விலங்கைச் சந்திக்கிறவன் வாழ்க்கையைப் பற்றி ஏதாவது சிந்திப்பான். நான் அதன் காலைப் பார்த்தேன். கரும்பாறை உடம்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் சுத்தமான வெள்ளை. காலுறை போட்ட மாதிரி. என் காலுறையைவிட நல்லது. அதன் முதுகிலிருந்து ஆவி எழுந்து மேகத்தோடு சேர்ந்துகொண்டிருந்தது. இந்த மேகமெல்லாம் இதன் முதுகிலிருந்துதான் கிளம்புகிறதோ என்றுகூடத் தோன்றியது. ரோட்டின் மேட்டுப் பக்கச் சுவரிலிருந்து இன்னொரு பாறை இறங்கியது. அதன் பின்னால் மற்றொன்று. தார் ரோட்டில் குளம்புகள் பட்ட சத்தம் தரை வழியாக என் பாதத்துக்கு வந்தது. பயம் எங்கோ ஓரமாகப் போய்விட்டது. கோயிலில் கதவு திறக்கும்போது கூட்டம் பேச்சை நிறுத்துமே, அப்படி நின்றோம் இரண்டு பேரும்.

அப்போதுதான் தலைக்கு மேலே, மேகத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏ...ய்! ரோட்டுல மாடு நிக்குது!"

ஞாயிற்றுக்கிழமையானாலும் கொழுந்து முற்றிவிடும் என்று அன்றும் பறிக்கிறவர்கள் உண்டு. மேல் தோட்டத்திலிருந்து ஒரு பெண் கத்த, அதற்கு மேலே இருப்பவள் அதை வாங்கி அடுத்த சரிவுக்குக் கத்தினாள். இது தினமும் நடப்பதுதான். போன் எடுக்காத மலை இது. மாடு, கரடி எது வந்தாலும் செய்தி இப்படித்தான் தேயிலை நிரைக்கு நிரை தாவிப் போகும். ரேஷன் கடைக்குக் கிளம்பியவர்கள் அங்கங்கே நின்றுகொள்வார்கள்.

தூரத்துக் குரல் திரும்பக் கேட்டது: "எத்தன?"

"ஏழு! கூட ஒரு கன்னு!"

"துண்டு எங்க?"

"மாட்டுக்கு இந்தப் பக்கம்! சேப்புத் துண்டு! ஒரு சாரு போட்டிருக்காரு!"

செய்தி ஏறிப் போனது. ஒவ்வொரு சரிவிலும் கொஞ்சம் சிறுத்து, கடைசியில் பறவைச் சத்தம் மாதிரி ஆகி அணைந்தது. நாங்கள் நின்றோம். கன்று ரோட்டின் நடுவில் உட்கார்ந்துவிட்டது. பிறகு மேலிருந்து, அதே வழியாக, குரல் குரலாக வளர்ந்துகொண்டு ஒரு கேள்வி இறங்கி வந்தது.

"பார்வதி கேக்குறா! சாரு உசுரோட இருக்காரான்னு!"

"இருக்காரு! சும்மாதான் நிக்கிறாரு!"

கோத்தகிரிப் பெண் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் தெரியாத யாரோ, மேகத்துக்குள் நின்றுகொண்டு, நான் மார்பில் போட்டிருந்த ஒரு துணியைக் கையில் எடுக்காமலே மலைமேல் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். உடம்பு சிலிர்த்தது. குளிர் என்று வைத்துக்கொள்ளலாம்.

தாய் திரும்பி ஒரு முட்டு முட்டியது. கன்று எழுந்து கீழ்ச் சரிவில் இறங்கியது. முதலில் பாறையாக நின்ற பெரியவர் கடைசியாக, யாரையும் பார்க்காமல் போனார்.

அந்தப் பெண் அம்பு மாதிரி பாய்ந்தாள். நானும் பாய்ந்தேன், வேறு விதமாக.

வெறும் ரோடு

மாற்றுமிடத்தில் ஒரு மேசை, தண்ணீர் டிரம், கையில் கொடியும் கழுத்தில் விசிலுமாக ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர். முதல் கட்டம் ஓடிவிட்டு ஜீப்பில் வந்திருந்த போஜன். கோத்தகிரிப் பெண் முழங்காலில் கையூன்றி நின்றாள்; அவள் கெடுவுக்குள் வந்து தப்பித்திருந்தாள்.

விதிப்படி துண்டைக் கழற்றிக் கையில் சுருட்டி நீட்டியபடி வந்தேன். அதை வாங்க அங்கே கை இல்லை.

"டைம் முடிஞ்சுதுங்க சார். அந்தம்மாவ வெள்ளத் துண்டு போட்டு அனுப்பி ரெண்டு மூணு நிமிஷம் ஆச்சு" என்றார் ஆசிரியர். குற்றம் சொல்கிற குரல் இல்லை. மாடு நின்றது அவருக்கும் கேட்டிருந்தது. கடிகாரத்துக்கு மாடு தெரியாதே.

நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. போஜன் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால், பனியில் மறைந்துபோகிற வெறும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை நான் கதையாகத்தான் கேட்டிருந்தேன்.

அப்போது மேல் தோட்டத்திலிருந்து, "துண்டு வந்துருச்சா?"

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கி, "வந்துருச்சு!" என்று ஒரு போடு போட்டார். செய்தி ஏறியது. போனது. திரும்பி வந்தது.

"பார்வதி நின்னுட்டா! பாலத்துல நிக்கிறா! கொண்டாரச் சொல்றா!"

பாலத்துக்கு அடுத்த வளைவில்தான் எஸ்டேட் கேட். கேட்டில் லயம் நிற்கிறது. அவர்கள் கண்ணில் படுவதற்கு முன் பார்வதி நின்றுவிட்டார்.

ஆசிரியர் பதறிப்போனார். "அது ரூல்லயே கெடையாதுங்க! ஒரே கட்டத்துல ரெண்டு பேரு ஓடுனா டீமையே தூக்கிருவோம். பேரே வராது."

சட்டம் என்றால் போஜன்தான். எங்கள் ஷூ முடிச்சைக்கூடச் சரிபார்த்து அனுப்புகிறவர். அவர் என் கையிலிருந்த சுருட்டலைப் பார்த்தார். பிறகு என் முகத்தை.

"இன்னும் கொஞ்சம் ஏற முடியுங்களா உங்களால?"

"முடியாதுங்க" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

"அப்பக் கெளம்புங்க."

பின்னால் வந்தவர்

அந்த ஏற்றத்தைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. அது அன்றைக்கே ஒலிபரப்பாகிவிட்டது.

"சாரு பெரிய மரத்தத் தாண்டிட்டாரு!"

"நடக்குறாரு!"

"இல்ல, ஓடுறாரு!"

"இல்லடி, நடக்குறாரு!"

"இப்ப ஓடுறாரு!"

என் மானம் சரிவுக்குச் சரிவு ஏறியும் இறங்கியும் போய்க்கொண்டிருந்தது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். "நடக்குறாரு" என்ற குரல் கேட்டவுடன் என் கால்கள் ஓடின. அவை என் சொல்லை ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

பாலத்துச் சுவரில் பார்வதி உட்கார்ந்திருந்தார். தோளில் வெள்ளைத் துணி.

"வாங்க சார். மெதுவா வாங்க. மலை எங்கயும் போயிறல."

 கையை நீட்டினேன். அவர் எழுந்து, வெள்ளையைக் கழற்றினார். அதைக் கீழே போடவும் மனம் வரவில்லை போல. என் கழுத்தில் மாட்டிவிட்டார். பிறகு என் கையிலிருந்து சிவப்பை வாங்கி ஒரு உதறு உதறி, எழுத்துகள் முன்பக்கம் தெரிகிறதா என்று பார்த்து, தோளில் போட்டுக்கொண்டார்.

"இத நீங்க வச்சுக்கங்க. பொறவால வாங்க."

போனார்.

மனிதர்கள் ஓடி நான் பார்த்திருக்கிறேன். கோயம்புத்தூர்க்காரர்கள் ஓடினால் விளம்பரப் படம் மாதிரி இருக்கும். இது அப்படியில்லை. பார்வதியின் தலையும் தோளும் அசையவே இல்லை. கூடையைச் சுமந்து பழகிய கழுத்து, கூடை இல்லாதபோதும் அதை ஆடாமல் கொண்டுபோயிற்று. கால்கள் மட்டும் அடியில் தனியாக, சத்தமில்லாமல், மலையைச் சுருட்டிக்கொண்டிருந்தன. ஏற்றம் அவருக்கு வழிவிட்டது. சிவப்பு ஒரு முறை மேகத்தில் மங்கி, மறுபடி பளிச்சென்று தெரிந்து, வளைவில் திரும்பியது.

அடுத்த கணம் எழுந்த சத்தத்தை நான் பாலத்திலிருந்தே கேட்டேன். முதலில் என்ன சொல்கிறார்கள் என்றே புரியவில்லை. பிறகு ஒரு குரல் பிரிந்து வந்தது: "என் 'ழ' போகுதுடீ! என் 'ழ' போகுது!"

நான் கேட்டை அடைந்தபோது கை தட்டி ஓய்ந்திருந்தார்கள். வெள்ளைத் துண்டு போட்ட ஒரு நடுவயது ஆள் நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்து ஒரு அம்மா பக்கத்திலிருந்தவரிடம், "இவரு எந்த டீமு?" என்று கேட்டார். பக்கத்திலிருந்தவருக்கும் தெரியவில்லை. எனக்கு ஒரு டம்ளர் சாயத்தண்ணி, பால் விடாத தேநீர், தந்தார்கள். தொழில்முறையில் சொல்ல வேண்டுமானால் மூன்றாம் தரத் தூள். அதை நான் துப்பவில்லை.

மஞ்சூரில் பலகையில் முடிவுகளை ஒட்டியிருந்தார்கள். மூன்று அணிகள். எங்கள் பேர் இல்லை. ரஹீம் பாய் இரண்டு தடவை படித்துவிட்டு, "கீழ ஒட்ட மறந்துட்டானோ?" என்று பலகையின் பின்பக்கத்தையும் பார்த்தார். பார்வதி தோளிலிருந்து துண்டைக் கழற்றவே இல்லை. பஸ்ஸுக்கும் அப்படியேதான் போனார்.

போஜன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தன் ஷூ முடிச்சை அவிழ்த்தார். பிறகு கேட்டார்:

"தரையில பட்டுச்சுங்களா?"

"இல்லீங்க."

"பாலத்துல மாத்துறப்ப?"

"படலீங்க."

அவர் தலையாட்டினார். ரஹீம் பாய் கொண்டுவந்திருந்த வர்க்கிப் பொட்டலத்தை மடியில் வைத்துப் பிரித்தார். ஒன்று எடுத்துக் கடித்தார். பிறகு இன்னொன்று. எங்களில் யாருக்கும் ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தார்.